மிளகின் பெயரில் வந்த மிளகாய்

சிதம்பரத்துச் சமையலில் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் பிரிக்க முடியாத இணை. நடராசர் கோயில் நிவேதனத்தால் பெயர் பெற்ற இந்த இணையை ஊரில் பல வீடுகளிலும் செய்கிறார்கள். சம்பா சாதம் செய்வது எளிது. சோற்றை உதிரியாக வடித்து, மிளகையும் சீரகத்தையும் பொடித்துத் தூவி, உப்பும் நெய்யும் விட்டுப் பிசறினால் போதும். கொத்சுக்குச் சற்றுக் கூடுதலான வேலை உண்டு. காய்ந்த மிளகாய், கொத்தமல்லி விதை, கடலைப் பருப்பு, வெந்தயம் ஆகியவற்றை வறுத்துப் பொடிக்க வேண்டும். நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயைப் புளிக் கரைசலில் வேகவிட்டு, அந்தப் பொடியைப் போட்டுக் கொதிக்கவைத்து இறக்க வேண்டும்.

சாதத்தில் இருப்பது மிளகின் காரம். கொத்சில் இருப்பது மிளகாயின் காரம். ஒரே இலையில் அடுத்தடுத்துப் பரிமாறப்படும் இந்த இரண்டு காரங்களுக்கும் நம் நாட்டில் ஒரே வயது அன்று. முன்னதைத் தமிழர் குறைந்தது 2000 ஆண்டுகளாக உண்டு வருகின்றனர். பின்னது நம் நாட்டுக்கு வந்து 500 ஆண்டுகள்தாம் ஆகின்றன.

இதைச் சொன்னால் மாணவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. "மிளகாய் இல்லாமல் நம் முன்னோர் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று கற்பனை செய்வதே கடினம். ஆனால் ஒரு பொருள் நமக்கு நெடுநாள் பழக்கமாக இருக்கிறது என்பது, அது இங்கேயே தோன்றியது என்பதற்குச் சான்று ஆகாது. சான்றுகளை வேறு இடங்களில் தேட வேண்டும்: பழைய நூல்களில், கல்வெட்டுகளில், சடங்குச் சமையலில், தாவர இயலில், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பொருளின் பெயரில்.

மிளகின் காலம்

சங்க காலத்தில் மிளகுக்குக் 'கறி' என்றும் பெயர் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, மிளகு மூட்டைகளையும் அந்த வரிசையில் சேர்க்கிறது. முசிறித் துறைக்கு வந்த யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு தருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு விருந்து வருகிறது. மாதுளம் பிஞ்சை மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்து சமைத்திருக்கிறார்கள். கூடவே மாவடு ஊறுகாயும் பரிமாறுகிறார்கள். இந்த நூல்களில் நெல் உண்டு, புளி உண்டு, மோர் உண்டு, இஞ்சி உண்டு. மிளகாய் மட்டும் இல்லை.

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளும் இதையே காட்டுகின்றன. இறைவனுக்குப் படைக்கும் திருவமுதுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு தயிர் என்று நாழியும் உழக்கும் கணக்கிட்டுக் கல்லில் வெட்டி வைத்த காலம் அது. மிளகும் சீரகமும் புளியும் அந்தப் பட்டியல்களில் வருகின்றன. மிளகாய் வருவதில்லை.

மூன்றாவது சான்று இன்றும் உயிரோடு இருக்கிறது. மரபு பார்க்கும் பல குடும்பங்களில் திவசச் சமையலுக்கு மிளகாய் சேர்ப்பதில்லை; காரத்துக்கு மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் அன்று அடுப்படிக்கு வருவதில்லை. இந்த மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சடங்குகள் மெதுவாக மாறுகின்றன. ஆகையால் அன்றாடச் சமையல் மறந்துவிட்ட பழைய சமையலைச் சடங்குச் சமையல் அப்படியே வைத்திருக்கிறது. பாறையில் பதிந்த பழைய உயிரின் தடம் போன்றது இது.

ஆகவே நம் முன்னோர் காரமில்லாமல் சாப்பிடவில்லை. மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் திரிகடுகமும் கடுகும் அவர்களுக்குக் காரம் தந்தன.

கடல் கடந்த காய்

மிளகாய்ச் செடியின் தாயகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும். சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் அதைச் சமையலில் பயன்படுத்தினர் என்று அகழ்வாராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் வழங்கும் 'சில்லி' என்ற சொல்லே மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலிருந்து வந்தது.

1492-இல் மிளகு விளையும் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், மேற்கிந்தியத் தீவுகளில் இறங்கினார். அங்கே மிளகுக் கொடி இல்லை. ஆனால் அங்கிருந்த மக்கள் சிவப்பான ஒரு காயை உணவில் சேர்த்து உண்பதைக் கண்டார். 1493 ஜனவரியில் எழுதிய நாட்குறிப்பில் அதை அவர்களுடைய மிளகு என்று குறித்துக்கொண்டார். ஸ்பானிய மொழியில் மிளகுக்குப் 'பிமியெந்தா' என்று பெயர். மிளகாய் 'பிமியெந்தோ' ஆயிற்று. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் 'பெப்பர்' என்ற சொல்லே ஒட்டிக்கொண்டது. இந்தப் 'பெப்பர்' என்ற சொல்லும் முதலில் மிளகைக் குறித்தது அன்று. திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற வடசொல் கிரேக்கம், இலத்தீன் வழியாகச் சென்று அப்படி ஆனது. திப்பிலியின் பெயர் மிளகுக்குப் போய், மிளகின் பெயர் மிளகாய்க்குப் போயிற்று. காரமான பொருள்களின் வரலாற்றில் பெயர் மாறாட்டம் புதிதில்லை.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைக் கைப்பற்றினர். பிரேசில், ஆப்பிரிக்கா, இந்தியா என்று மூன்று கரைகளையும் இணைத்த அவர்களுடைய கப்பல்களில்தான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அது எவ்வளவு விரைவாகப் பரவியது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. ஜெர்மானியத் தாவர அறிஞர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542-இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்ச் செடியின் படங்களைச் சேர்த்தார். அதற்கு அவர் தந்த பெயர்களுள் ஒன்று 'கோழிக்கோட்டு மிளகு' என்பது! கொலம்பஸ் கண்ட ஐம்பதே ஆண்டுகளுக்குள், ஐரோப்பிய அறிஞர் ஒருவர் இதை இந்தியச் செடி என்று எழுதிவிட்டார். பிற்காலத்தில் கேரளத்துத் தாவரங்களைப் பற்றி டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூலிலும் மிளகாய்ச் செடி இடம் பெற்றது. அதற்குள் அது அவ்வளவு உள்ளூர்ச் செடி ஆகிவிட்டிருந்தது.

பறங்கிப்பேட்டை சொல்லும் செய்தி

மேற்குக் கரையிலிருந்து நம் கடலூர் மாவட்டக் கரைக்கு வருவோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பறங்கிப்பேட்டை. 'பறங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்கும் சொல். அரபு, பாரசீக மொழிகளின் வழியாக நமக்கு வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செஞ்சி நாயக்கர் ஆட்சியில், போர்ச்சுகீசியர் இங்கே குடியேறினர். அவர்கள் இட்ட பெயர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம். 1597-இல் பிமெண்டா என்ற சேசு சபைப் பாதிரியார் சிதம்பரத்துக்கே வந்து செஞ்சியின் கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்திருக்கிறார். வடக்கே கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் வந்து இறங்கினர். 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. உலகத்துப் பொருள்களும் சொற்களும் வந்து இறங்கிய கரை இது.

இப்போது ஒரு காய்கறிக் கடைக்குப் போவோம். பெரிய மஞ்சள் காய் ஒன்று அறுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் பறங்கிக்காய். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த காய்தான். பறங்கிப்பேட்டை என்ற ஊர்ப் பெயரில் இருக்கும் அதே பறங்கி, இந்தக் காயின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்துக் கூடையில் மிளகாய் இருக்கிறது. அதுவும் அதே கண்டத்துக்காரர்; அதே கப்பல்காரர்கள் கொண்டுவந்தது. ஆனால் அதன் பெயரில் பறங்கி இல்லை. மிளகு + காய் = மிளகாய். 'மிளகைப் போன்ற காய்' என்பதே பொருள்.

பறங்கிக்காய் வந்த வழியைப் பெயரில் சுமந்து நிற்கிறது. மிளகாய்க்கு உறவு சொல்லிப் பெயர் வைத்துவிட்டார்கள். பூசணி, சுரை, பீர்க்கு என்று நம்மிடம் ஏற்கெனவே காய்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றின் இடத்தைப் பறங்கிக்காய் பிடித்துக்கொள்ளவில்லை. கூட ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. மிளகாயோ மிளகு செய்த வேலையையே செய்தது. அதனால் மிளகின் பெயரையே பெற்றது. அந்தப் பெயராலேயே அதன் பிறந்த ஊர் நமக்கு மறந்தும் போயிற்று.

அண்டை மொழிகளிலும் இதே கதைதான். தெலுங்கில் மிளகு 'மிரியாலு', மிளகாய் 'மிரபகாயலு'. கன்னடத்தில் மிளகு 'மெணசு', மிளகாய் 'மெணசினகாயி'. மலையாளத்தில் வந்தவர் வீட்டுக்காரரையே ஓரங்கட்டிவிட்டார். இன்று அங்கே 'முளகு' என்றால் மிளகாய்தான். பழைய மிளகு 'குருமுளகு' என்றும் 'நல்லமுளகு' என்றும் அடைமொழி சேர்த்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழிலும் 'நல்லமிளகு' என்று கேட்கலாம். சிங்களத்தில் 'மிரிஸ்' என்ற பழைய மிளகுச் சொல் இன்று மிளகாயைக் குறிக்கிறது. மிளகு 'கம்மிரிஸ்' ஆகிவிட்டது. இலங்கைத் தமிழர் மிளகாயைக் 'கொச்சிக்காய்' என்றும் சொல்வர். கொச்சித் துறைமுகம் அந்தப் பெயரில் பதிந்திருக்கிறது.

மிளகாய் வென்றது எப்படி?

மிளகுக் கொடிக்கு நல்ல மழை வேண்டும், நிழல் வேண்டும், படர மரம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் அது செழிக்கும். நட்டுச் சில ஆண்டுகள் சென்றபின்தான் காய்க்கத் தொடங்கும். கடலூர், சிதம்பரம் பகுதியோ கடலோரச் சமவெளி. இங்கே மிளகு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த மிளகுக்கு அரபு நாட்டு வணிகரும் ஐரோப்பிய வணிகரும் போட்டியிட்டனர்.

மிளகாய்க்கு மலை வேண்டாம். கொல்லைப்புறத்தில் ஒரு பாத்தி போதும். நாற்று நட்ட இரண்டு மூன்று மாதங்களில் காய் பறிக்கலாம். ஒரு பழத்தில் பல விதைகள் இருக்கின்றன; காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த பருவத்துக்கு ஆகும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுக்கலாம். பச்சையாகவும் பயன்படும், பழுத்தாலும் பயன்படும், காயவைத்தாலும் பயன்படும். மன்னன் ஆணையிட வேண்டியதில்லை. வணிகன் விற்க வேண்டியதில்லை. விதை கைமாறியே ஊர் ஊராகப் பரவக்கூடிய செடி அது. காசு கொடுத்து வாங்கிய காரம், கூலிக்காரர் வீட்டுக் கொல்லையிலும் காய்த்துத் தொங்கலாயிற்று. நீராகாரத்தோடு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போகும் உழவரின் காலை உணவு இப்படித்தான் உருவாயிற்று.

அந்தக் காலை உணவில் இன்னொரு நன்மையும் உண்டு. பச்சை மிளகாயில் வைட்டமின் சி மிகுதி. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-கியார்கி 1930-களில் வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? அந்நாட்டுச் சிவப்பு மிளகாய் வகையான பாப்ரிகாவிலிருந்து! அவர் 1937-இல் நோபல் பரிசு பெற்றார். காய்ந்த மிளகில் இந்தச் சத்து இவ்வளவு கிடையாது. எனினும் வெயிலும் அடுப்பும் வைட்டமின் சி-யைக் குறைத்துவிடும். பச்சையாகத் தின்னும் மிளகாய்க்கே இந்தப் பெருமை முழுவதும் உரியது.

நாக்கு செய்த வகைப்பாடு

தாவர இயலாரிடம் கேட்டால் மிளகுக்கும் மிளகாய்க்கும் எந்த உறவும் இல்லை என்பார். மிளகு வெற்றிலைக் கொடியின் உறவு. மிளகாய் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டைக்காய் எல்லாம் அந்தக் குடும்பமே. சிதம்பரம் கொத்சில் வேகும் கத்தரிக்காயும் மிளகாயும் தூரத்து உறவினர்கள்! பழைய உலகத்தில் ஒன்றும் புதிய உலகத்தில் ஒன்றுமாகப் பிரிந்து வளர்ந்த உறவினர்கள் சிதம்பரத்துச் சட்டியில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் 'மிளகாய்' என்ற பெயர் பிழையா? இதற்கு விடை 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைத்தது.

மிளகின் காரப் பொருளான பைப்பரினை 1819-இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். பௌதிகம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்கு தெரியும். மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதை 1820-இல் கண்டறிந்து, மின்காந்த இயலுக்கு வழி திறந்தவர் அவர்தான். மிளகாயின் காரப் பொருளை 1816-இல் ஜெர்மனியில் புக்ஹோல்ட்ஸ் முதலில் பிரித்தார். 1876-இல் ஆங்கிலேயரான ஜான் தெரெஷ் அதைப் படிகமாக்கி, 'காப்சைசின்' என்று பெயரிட்டார். அது மிளகாய் விதையில் உண்டாவது அன்று. விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிறிய நரம்புப் பகுதியில்தான் உண்டாகிறது. விதைக்குக் காரம் அதிலிருந்து ஒட்டிக்கொள்வது.

மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது என்கிறோம். உண்மையில் வாயின் வெப்பநிலை உயர்கிறதா? ஒரு வெப்பமானியை நாக்கின் அடியில் வைத்துப் பார்த்தால், எரிச்சலுக்கு ஏற்ற உயர்வு எதையும் அது காட்டாது. பிறகு ஏன் சுட்டது போலத் தோன்றுகிறது? 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவினரும் விடை கண்டனர். நம் நரம்பு முனைகளில் ஒரு வகைப் புரதம் இருக்கிறது. அது ஒரு கதவைப் போன்றது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அந்தக் கதவு திறக்கும். மின்னூட்டம் பெற்ற அணுக்கள் உள்ளே பாயும். 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகும். காப்சைசின் இந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டால், உடலின் சாதாரண 37 டிகிரியிலேயே கதவு திறந்துவிடும். நெருப்பு இல்லாமலே நெருப்புச் செய்தி போகிறது. மூளை அதை நம்பி வியர்வையை வரவழைக்கிறது. இந்த ஆய்வுக்காக ஜூலியஸ் 2021-இல் ஆர்டெம் படபூஷியனுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

பைப்பரினும் இதே கதவைத்தான் திறக்கிறது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. திப்பிலியிலும் பைப்பரின் உண்டு. இஞ்சியின் காரப் பொருளும் இந்தக் கதவைத் தட்டுகிறது. அப்படியென்றால் திரிகடுகத்தோடு மிளகாயையும் ஒரே வரிசையில் வைத்த நம் மக்கள் பிழை செய்யவில்லை. தாவர இயலார் பூவைப் பார்த்து வகைப்படுத்தினார். சமைத்தவர்கள் நரம்பால் வகைப்படுத்தினார்கள். இரண்டும் சரியே, அளவுகோல்தான் வேறு.

கிளி மிளகாய்ப் பழத்தை அமைதியாகக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவைகளிடம் அந்தப் புரதத்தின் அமைப்பு சற்று மாறியிருப்பதால் காப்சைசின் அவற்றை எரிப்பதில்லை. எலி போன்ற விலங்குகள் விதையை மென்று அழித்துவிடும். பறவைகள் விழுங்கி, முளைக்கும் நிலையிலேயே தொலைவில் கொண்டுபோய் இடும். விலங்கை விரட்டிப் பறவையை வரவேற்கும் இந்த ஏற்பாடு காட்டு மிளகாய்க்கு நன்மை தருகிறது. எரிச்சலை விரும்பித் தின்னும் விலங்கு ஒன்று பின்னால் வரும் என்பது அந்தச் செடியின் கணக்கில் இல்லை!

அடுப்படியில் விஞ்ஞானம்

காப்சைசின் நீரில் ஏறக்குறையக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு நம் வீட்டுக் காரப் பண்டங்களைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

முதலில் இட்லி மிளகாய்ப் பொடி. ஓர் ஆழாக்கு உளுத்தம் பருப்பு, அரை ஆழாக்குக் கடலைப் பருப்பு, பதினைந்து காய்ந்த மிளகாய், இரண்டு கரண்டி எள், சிறிது பெருங்காயம், தேவையான உப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, ஆறிய பிறகு கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். தனித்தனியே வறுப்பது ஏன்? எள் பொரியும் நேரம் வேறு, பருப்பு சிவக்கும் நேரம் வேறு. மிளகாயோ நொடியில் கருகிவிடும். பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைப்பது ஏன்? எண்ணெய் காரத்தைக் கரைத்து எங்கும் சமமாகப் பரப்புகிறது. ஓரிடத்தில் குத்தும் காரம் எல்லா இடத்திலும் இதமான காரமாகிறது.

இரண்டாவது மிளகாய்த் தொக்கு. பழுத்த சிவப்பு மிளகாய் 100 கிராம், எலுமிச்சம்பழ அளவு புளி, உப்பு ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் அரைத்துக்கொள்ள வேண்டும். 100 மில்லி நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகும் பெருங்காயமும் தாளித்து, விழுதைப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை சிறு தீயில் கிளற வேண்டும். கடைசியில் சிறிது வெல்லம் சேர்க்கலாம். கிளறும்போது நீர் ஆவியாகிறது. உப்பு நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீரைப் பறிக்கிறது. புளியின் அமிலம் நச்சுக் கிருமிகள் வளராமல் தடுக்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றை மறைக்கிறது. நான்கும் சேர்ந்துதான் தொக்கைக் காக்கின்றன. புளியைக் குறைத்து எண்ணெயை மட்டும் நம்பக் கூடாது. ஈரக் கரண்டியும் போடக் கூடாது. அடைகளுக்கும் தயிர் சோற்றுக்கும் இதுவே போதும். கடைகளில் சீசாவில் வரும் மிளகாய்ச் சாசும் இதே தத்துவத்தில் செய்ததுதான். புளிக்குப் பதில் வினிகர்.

மூன்றாவது மோர் மிளகாய். பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவிட வேண்டும். பகலில் எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். மாலையில் மீண்டும் மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் வற்றும் வரை இப்படிச் செய்து, இறுதியில் சருகாகக் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். வேண்டும்போது எண்ணெயில் பொரிக்கலாம். உப்பு சவ்வூடு பரவல் மூலம் மிளகாயின் நீரை வெளியே இழுக்கிறது. மோரும் உப்பும் உள்ளே இறங்குகின்றன. மோரில் உள்ள கேசீன் என்னும் புரதம் காப்சைசினைப் பற்றிக்கொள்ளும் குணம் உடையது. காரம் மிகுந்துவிட்டால் தண்ணீர் குடிக்காமல் மோர் குடியுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். தண்ணீர் காரத்தைக் கழுவாது. மோர் பற்றி எடுத்துச் செல்லும். மிளகாய் அரைத்த கை எரிந்தாலும் இதே கணக்குதான். முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மிளகாய் வற்றல் நன்றாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் பூஞ்சைக் காளான் பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அந்த நச்சு கல்லீரலுக்குக் கேடு செய்யும். சமைக்கும் சூட்டில் முழுவதும் அழியாது. ஆகவே நிறம் மாறிய, உள்ளே சாம்பல் படர்ந்த வற்றலைப் பொடியில் சேர்க்காமல் எறிந்துவிடுவது நல்லது. வாங்கும்போது ஒன்றிரண்டை உடைத்து உள்ளே பாருங்கள்.

நம்முடையது எது?

இன்று உலகில் மிக அதிகமாக மிளகாய் வற்றல் விளைவிக்கும் நாடு இந்தியாதான். இராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வந்தேறி ஒரு ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை.

"இது ஆதி காலம் முதல் நம்முடையது" என்று சிலவற்றைச் சொல்கிறோம். "இது அந்நியம், தள்ளு" என்று வேறு சிலவற்றைச் சொல்கிறோம். இரண்டையும் எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. மிளகாயை யாரும் நம்மீது திணிக்கவில்லை. அதை உளுந்தோடும் எள்ளோடும் மோரோடும் புளியோடும் சேர்க்கும் முறைகளை இந்த மண்ணின் பெண்கள் அடுப்படியில் நின்று பல தலைமுறைகளாகச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். விதை அமெரிக்காவுடையது; மோர் மிளகாய் நம்முடையது. அந்தச் சோதனைகளை எழுதி வைத்தவர் குறைவு. அதனால் அவை விஞ்ஞானம் ஆகாமல் போய்விடவில்லை.

வாசகர்கள் ஒரு சிறிய வேலை செய்து பார்க்கலாம். இன்று உங்கள் வீட்டில் சமைத்த பண்டங்களில் சேர்ந்த பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பறங்கிக்காய் ஆகியவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதைக் கொண்டு ஒரு வேளைச் சமையல் செய்ய முடியுமா என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் திவசச் சமையலோ பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் பத்தியச் சமையலோ நினைவுக்கு வரும். மிளகு ரசம், மிளகுக் குழம்பு, சம்பா சாதம் என்று சொல்லத் தொடங்குவார்கள். அவற்றைச் செய்யும் முறையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.